கடல் தாண்டிய ரொட்டி தெரு தாண்டாதது ஏன்?

அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவது நம் தெருக்களில் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் பேக்கரியில்தான் வாங்குகிறோம். நீல நிறக் கிரீம், மேலே ‘ஜெய்பீம்’ என்ற எழுத்து. இந்த ஏப்ரல் 14 அன்று, வேம்பார்ப் பக்கம் நாங்கள் மாலை வகுப்பு நடத்தும் தெருவில் ஒரு குடும்பம் வேறு மாதிரி யோசித்தது. ஆச்சி, மகள், மருமகன், மூன்று பிள்ளைகள். “நாமளே செய்வோம்” என்றாள் பத்தாம் வகுப்புப் படிக்கும் மூத்தவள். செல்போனில் நிறைய வீடியோ பார்த்து வைத்திருந்தாள்.

வீட்டில் ஓவன் கிடையாது. பழைய பிரஷர் குக்கர் இருந்தது. ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல்லுப்பைப் பரப்பி, பத்து நிமிடம் காயவைத்தார்கள். உப்புக்குப் பஞ்சமில்லாத கடற்கரை இது. சீனிக்குப் பதில் கருப்பட்டி. வேம்பார்க் கருப்பட்டி ஊர் பெயரோடு விற்கும் சரக்கு. அதைக் கரைத்து, மண் போக வடிகட்டி ஆறவைத்தார் ஆச்சி. மூன்று முட்டை, 200 கிராம் மைதா, 150 கிராம் கருப்பட்டி, 100 மில்லி கடலை எண்ணெய், ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர். முட்டையை அடித்தது அப்பா. சின்ன தீயில் முக்கால் மணி நேரம். கேக் நடுவில் கொஞ்சம் வெடித்திருந்தது. ருசி நன்றாக இருந்தது.

பிள்ளைகள் தட்டில் வைத்துத் தெரு முழுக்கக் கொடுத்தார்கள். மூத்தவள் நாலு துண்டை டப்பாவில் போட்டு, பக்கத்து ஊரில் இருக்கும் பள்ளித் தோழி வீட்டுக்குக் கொண்டுபோனாள். தோழியின் அம்மா சிரித்த முகத்தோடுதான் வாங்கினார். “பெறவு சாப்பிடுதோம்மா” என்றார். இரண்டு நாள் கழித்து, வாய் தவறித் தோழியே சொல்லிவிட்டாள், கேக் கோழிக்குப் போனது என்று. அதே வீட்டில் பொங்கலுக்குப் பேக்கரி ஸ்வீட் பெட்டி கொடுத்தபோது பிரித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளை அழவில்லை. எங்களிடம் ஒரு கேள்விதான் கேட்டாள். “சார், கேக் வெள்ளைக்காரங்க சாப்பாடுதான? அதுல எப்படி சாதி வந்துச்சு?” நாங்கள் பதில் தேடுவதற்குள் ஆச்சி சொல்லிவிட்டார். “கடைப் பெட்டின்னா வாங்குவாக. நம்ம கை பட்டா வாங்கமாட்டாக.”

ஆச்சி சொன்னது சரி. ஆனால் பிள்ளையின் கேள்விக்கு அதைவிட நீண்ட பதில் இருக்கிறது. அந்தப் பதில் ஐந்நூறு வருடத்துப் பழசு. அது தொடங்குவதும் இதே கரையில்தான்.

கரைக்கு வந்த பாண்

முத்துக்குளித்துறையில் போர்த்துகீசியர் காலூன்றியது 16ஆம் நூற்றாண்டில். 1535 முதல் 1537க்குள் இந்தக் கரையின் பரதவர்கள் பெருந்திரளாகக் கத்தோலிக்கம் தழுவினார்கள். முத்துக்குளிக்கும் உரிமையைக் காத்துக்கொள்ளப் போர்த்துகீசியரின் பாதுகாப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். வடக்கே வேம்பார் தொடங்கி வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல் வழியாகத் தெற்கே மணப்பாடு வரை செல்லும் ஏழு கடல்துறைகளில் முதல் ஊர் நம்முடையது. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர்.

கப்பலில் வந்தவர்கள் சிலுவையையும் துப்பாக்கியையும் மட்டும் கொண்டுவரவில்லை, சமையலையும் கொண்டுவந்தார்கள். மேசை, சாவி, அலமாரி, சன்னல் என்று நாம் தினமும் சொல்லும் சொற்கள் போர்த்துகீசியத்திலிருந்து வந்தவை. அன்னாசியும் கொய்யாவும் பெயரோடு வந்த பழங்கள். பிஸ்கோத்து என்று நம் ஆச்சிகள் சொல்வது ஆங்கில பிஸ்கட்டின் கொச்சை என்று நினைக்கிறோம். போர்த்துகீசிய மொழியில் அதன் பெயர் ‘பிஸ்கோய்த்து’. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைத் தமிழர்கள் ரொட்டியைப் பாண் என்பார்கள், அதைச் சுடும் அடுப்பைப் போறணை என்பார்கள். ‘பாவ்ம்’, ‘ஃபோர்னு’ என்ற போர்த்துகீசியச் சொற்களின் மாற்றம் அவை. மும்பையின் பாவ் பாஜியில் இருக்கும் பாவும் அதே சொல்தான்.

பாண் உப்ப வேண்டுமானால் ஈஸ்ட் வேண்டும். ஐரோப்பாவில் கிடைத்த நொதி இங்கே கிடைக்காதபோது கோவாவில் தென்னங்கள்ளை ஊற்றி மாவைப் புளிக்கவைத்தார்கள். ஆப்பத்துக்குக் கள் சேர்க்கும் பழக்கம் இலங்கையிலும் கேரளத்திலும் ஏற்கெனவே உண்டு. ஆக வெளிநாட்டு ரொட்டியை இந்த மண்ணில் உப்பவைத்தது மரமேறுகிற உழைப்பாளி இறக்கிய கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இன்று பனங்காட்டு ஊரில் இருந்துகொண்டு நாம் ஈஸ்ட்டைப் பாக்கெட்டில் வாங்குகிறோம்.

கோவாவில் மதம் மாற்றப்பட்ட கதைகளில் ஒன்று நமக்கு முக்கியம். ஊர்க் கிணற்றில் பாதிரிகள் ரொட்டித் துண்டைப் போட்டார்கள், அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் சாதி கெட்டார்கள், திரும்பிப் போக முடியாமல் கிறிஸ்தவர் ஆனார்கள் என்பது அந்தக் கதை. நடந்ததோ இல்லையோ, அந்தக் கதை பல தலைமுறையாக நம்பும்படியாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஒரு ரொட்டித் துண்டு ஒரு சமூகத்தின் சாதியையே கெடுத்துவிடும் என்று நம்பிய நாடு இது.

சாப்பாட்டில் பிரிந்த சாமியார்கள்

வேதம் கடல் வழியாக வந்தபோது சாதி ஒதுங்கி நின்று வழிவிட்டதா? இல்லை. 1606இல் மதுரைக்கு வந்தார் ராபர்ட் டி நொபிலி. அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற பாதிரியார் அங்கே இருந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வந்த கிறிஸ்தவர்களுக்கு ஊழியம் செய்தவர் அவர். மதுரையின் மேல்சாதியினர் அவரைப் பரங்கி என்று ஒதுக்கினார்கள். பரங்கி என்றால் மாட்டுக்கறி தின்பவன், சாராயம் குடிப்பவன், யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுபவன். நொபிலி கண்டுபிடித்த வழி என்ன? அவர் தனி வீட்டுக்குக் குடிபோனார், கறியை விட்டார், பார்ப்பனச் சமையல்காரரை வைத்துக்கொண்டார். சக பாதிரியாரோடு சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்தினார். நற்கருணை அப்பத்தை எல்லோருக்கும் பொதுவென்று சொல்லும் ஒரு மதம், மதுரைக்குள் நுழைய முதலில் பந்தியைப் பிரித்தது.

கத்தோலிக்கச் சபையோடு இது நிற்கவில்லை. அமெரிக்க மதுரை மிஷன் 1847இல் தன் ஊழியர்களிடம் ஒரு சோதனை வைத்தது. சாதியை விட்டுவிட்டோம் என்பவர்கள், தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவை ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அன்பின் விருந்து என்று அதற்குப் பெயர். உபதேசியார்கள் பலர் சாப்பிட மறுத்து விலக்கப்பட்டார்கள். ஞானஸ்நானம் வாங்கினார்கள், வேதம் படித்தார்கள், சம்பளமும் வாங்கினார்கள். ஒரு வாய்ச் சோறுதான் இறங்கவில்லை.

நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் தேவாலயத்தை நம் தோழர்கள் பலர் போய்ப் பார்த்திருப்பீர்கள். சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துக் கட்டப்பட்ட கோவில். நடுவில் இருந்த தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதைக்கூடச் சண்டையும் வழக்கும் இல்லாமல் இடிக்க முடியவில்லை.

பிஸ்கட்டுக்கு மாட்டிய பூணூல்

மேல்சாதி வீடுகளுக்குள் பிஸ்கட் எப்படிப் போனது என்பதும் ஒரு தனி வரலாறு.

1890இல் புனேயில் பஞ்ச் ஹவுத் மிஷன் என்ற கிறிஸ்தவ நிறுவனத்தில் ஒரு கூட்டம். ரானடே, திலகர், கோகலே போன்ற பெரிய மனிதர்கள் போயிருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் டீயும் பிஸ்கட்டும் பரிமாறப்பட்டன. சிலர் சாப்பிட்டார்கள், சிலர் தட்டைக் கையில் வாங்கியதோடு சரி. செய்தி வெளியே வந்ததும் புனேயின் சனாதனிகள் கொந்தளித்தார்கள். விவகாரம் சங்கராச்சாரியார் வரை போனது, விசாரணை நடந்தது. திலகரும் ரானடேயும் உட்படப் பலர் பிராயச்சித்தம் செய்ய வேண்டியிருந்தது. ஒரு பிஸ்கட்டுக்காக!

எட்டு வருடம் கழித்து, 1898இல், டெல்லியில் இந்து பிஸ்கட் கம்பெனி தொடங்கப்பட்டது. அதன் விளம்பரத்தின் சாரம் எளியது: எங்கள் பிஸ்கட்டை உயர்சாதி இந்துக்கள் மட்டுமே தயாரிக்கிறார்கள், ஆகவே தயங்காமல் சாப்பிடலாம். மாவு அதே மாவு. அடுப்பும் ஐரோப்பிய அடுப்பு. தொட்ட கை மாறியதும் அசுத்தம் சுத்தமாகிவிட்டது. பக்கத்து ஊர்த் தோழியின் வீட்டில் நடந்ததும் இதுதான். கேக் அவர்களுக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை, செய்த கைதான் பிரச்சினை.

இதற்கு மாற்றான ஒரு கதையும் உண்டு. 1880இல் தலச்சேரியில் ராயல் பிஸ்கட் ஃபேக்டரியைத் தொடங்கியவர் மாம்பள்ளி பாபு. பர்மாவில் தொழில் பழகியவர். 1883இல் ஒரு ஆங்கிலேயர் கேட்டுக்கொண்டதற்காக அவர் செய்து கொடுத்ததுதான் இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்வார்கள். பாபு தீயர் சமூகத்தைச் சேர்ந்தவர். அன்றைய மலபாரில் தீயரும் தீண்டப்படாதவராக நடத்தப்பட்ட மக்கள்தான். பேக்கரிக்கு மனுதர்மத்தில் இடம் இல்லை, அதற்கென்று விதிக்கப்பட்ட சாதியும் இல்லை. அதனால் தீயர், முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பலரால் அந்தத் தொழிலுக்குள் நுழைய முடிந்தது. நுழைய முடியாதவர்கள், முதலும் கடைத்தெருவில் இடமும் இல்லாத மக்கள். அது நாம்தான்.

மக்ரூனும் முந்திரிக் கைகளும்

தூத்துக்குடி என்றால் மக்ரூன். முட்டையின் வெள்ளைக் கரு, சீனி, முந்திரிப்பருப்பு. மூன்றே சரக்கு. வெள்ளைக் கருவை நுரைபொங்க அடித்து, சீனியும் முந்திரித் தூளும் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, தணிந்த சூட்டில் நேரமெடுத்து உலர்த்துவார்கள். ஐரோப்பாவில் இதைப் பாதாம் பருப்பில் செய்கிறார்கள். இங்கே பாதாமின் இடத்தில் முந்திரி உட்கார்ந்துகொண்டது. முந்திரி மரமும் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததுதான். மக்ரூனும் போர்த்துகீசியர் விட்டுச் சென்றது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

இந்தப் பெருமையில் சொல்லப்படாத ஒரு பகுதி முந்திரிக்கொட்டையை உடைத்த கைகளைப் பற்றியது. கொட்டையின் ஓட்டுக்குள் தோலைப் பொசுக்கும் ஒரு எண்ணெய் இருக்கிறது. கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். அப்படியும் விரல்கள் கறுத்துப் புண்ணாகும். 20ஆம் நூற்றாண்டில் கொல்லத்து முந்திரி ஆலைகளில் இந்த வேலை சாதிவாரியாகவே பிரிந்திருந்தது. கொட்டை உடைப்பதில் பெரும்பாலும் புலையர், குறவர் பெண்கள். தோலுரித்த வெள்ளைப் பருப்பைத் தரம் பிரிப்பதில் நாயர் போன்ற மேல்சாதிப் பெண்கள். ஒரே ஆலை, ஒரே கொட்டை. கை கறுக்கும் வேலை ஒரு சாதிக்கு, கை வெளுப்பாக இருக்கும் வேலை இன்னொரு சாதிக்கு. நாம் தொட்டு உடைத்த பருப்பு மக்ரூனுக்குள் போகும்போது தீட்டு இல்லை. நாமே மக்ரூன் செய்து தட்டில் நீட்டினால் தீட்டு.

சாதி இயங்கும் விதம் இங்கே தெளிவாகத் தெரிகிறது. சாதிக்கு நம் உழைப்பு வேண்டும், நம் விருந்தோம்பல் வேண்டாம். நாம் உழைத்தால் அவர்களுக்குக் கீழே இருக்கிறோம். நாம் விருந்து கொடுத்து அவர்கள் சாப்பிட்டால் சமமாகிவிடுகிறோம். தடுக்கப்படுவது அந்தச் சமம்தான்.

நம் வீட்டுக்கு வெளிநாட்டு உணவு வந்த வழி

வெளிநாட்டுச் சமையல் என்றதும் நம் பிள்ளைகள் பீட்சாவையும் பாஸ்தாவையும் சொல்கிறார்கள். தங்கள் வீட்டுக்கு அது புதிதாக வருகிறது என்று நினைக்கிறார்கள். ஆச்சியிடம் உட்கார்ந்து கேட்டால் தெரியும், வெளிநாட்டு மாவு எப்போதோ வந்துவிட்டது. ஆசைப்பட்டு வாங்கி வரவில்லை, பசியில் வந்தது.

முதல் வழி இலங்கை. 19ஆம் நூற்றாண்டு தொடங்கி நெல்லை, இராமநாதபுரம், திருச்சிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோனார்கள். போனவர்களில் பள்ளர், பறையர், சக்கிலியர் மிகுதி. பஞ்சமும் பண்ணையடிமையும் துரத்திய மக்கள். தூத்துக்குடியிலிருந்தும் கொழும்புக்குக் கப்பல் ஏறினார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் இலங்கைக்கு வந்த அரிசி நின்றது. கூப்பன் கடையில் கோதுமை மாவு கொடுத்தார்கள். தோட்ட லயன்களில் ரொட்டியும் சம்பலும் அன்றாடச் சாப்பாடாயின. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. அந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கப்பலில் ராமேஸ்வரம் வந்திறங்கியவர்கள் டிரங்குப் பெட்டியோடு தேங்காய் ரொட்டியையும் கொண்டுவந்தார்கள். நம் உறவுகளில் ‘சிலோன்காரம்மா’ என்று அழைக்கப்படும் ஒரு பெரியம்மாவோ அத்தையோ இருப்பார். அவர் தேங்காய் துருவிப் போட்டுப் பிசைந்து தட்டும் ரொட்டிதான் நம் குடும்பத்தின் முதல் சர்வதேசச் சமையல்.

இரண்டாவது வழி பள்ளிக்கூடம். 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், 1960களில் கேர் நிறுவனம் கொடுத்த அமெரிக்க உதவிப் பொருட்களோடு விரிந்தது. கோதுமை ரவையும் பால் பவுடரும் எண்ணெயும் கப்பலில் வந்தன. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் கம்பும் சோளமும் தின்ற பிள்ளைகள் தட்டில் அமெரிக்கக் கோதுமை விழுந்தது. ‘கேர் கோதுமை’ என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தத் தட்டை வாங்கத்தான் பல சேரிப் பிள்ளைகள் பள்ளிக்கே வந்தார்கள்.

மேட்டுக்குடி வீடுகளுக்கு வெளிநாட்டு உணவு சமையல் புத்தகமாக வந்தது. நமக்கு ரேஷனாகவும் நிவாரணமாகவும் வந்தது. இரண்டும் வரலாறுதான். ஒன்றை மட்டும்தான் இதுவரை எழுதியிருக்கிறார்கள்.

பந்தி முடியவில்லை

தீண்டாமை பழைய கதை என்பவர்களுக்கு அண்மைய இரண்டு நிகழ்வுகள்.

2022 செப்டம்பர். தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளம். தின்பண்டம் வாங்க வந்த பட்டியலினப் பிள்ளைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்களுக்குக் கொடுக்கமாட்டோம் என்று சொல்லி அனுப்பினார் கடைக்காரர். அதை வீடியோவும் எடுத்து அவர்களே பரப்பினார்கள். கைது நடந்தது, கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. ‘கட்டுப்பாடுன்னா என்ன?’ என்று புரியாமல் அந்தப் பிள்ளைகள் நின்ற காட்சியை நாம் மறக்க முடியாது.

2023 செப்டம்பர். நம் தூத்துக்குடி மாவட்டம், எட்டயபுரம் அருகே உசிலம்பட்டி. அரசின் காலை உணவுத் திட்டத்தில் சமைத்தவர் பட்டியலினப் பெண் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்தார்கள். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது.

முதல் நிகழ்வில் நமக்கு விற்க மறுத்தார்கள். இரண்டாவதில் நம் கையால் வாங்க மறுத்தார்கள். 1847இல் மதுரை மிஷன் வைத்த அதே சோதனையை 2023இல் அரசுப் பள்ளி எழுதிக்கொண்டிருந்தது.

இந்தச் சீமையில் பந்திச் சண்டைக்கு இன்னொரு பழைய சாட்சி சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பன மாணவர்களுக்குத் தனிப்பந்தி. 1924–25இல் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள், தமிழ்நாட்டு அரசியலே திசை மாறியது. அந்தப் போராட்டத்தை மதிக்கிறோம். கூடவே ஒன்றையும் சொல்ல வேண்டும். அது பார்ப்பனர்–பார்ப்பனரல்லாதார் பந்தி பற்றிய சண்டை. சேரிப் பிள்ளை எந்தப் பந்தியில் உட்காருவான் என்ற கேள்வி அதன் மையத்துக்கு வரவில்லை. அந்தக் கேள்வியைக் கேரளத்தில் நேராகக் கேட்டவர் சகோதரன் அய்யப்பன். 1917இல் செறாயியில் ஈழவர்களையும் புலையர்களையும் சேர்த்து உட்காரவைத்துச் சாப்பிட்டார். சொந்தச் சாதிக்காரர்கள் அவரைப் புலையன் அய்யப்பன் என்று பழித்தார்கள். அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார்.

சேர்ந்து சாப்பிட்டால் போதுமா?

போதாது என்று 1936இலேயே சொல்லிவிட்டார் புரட்சியாளர் அம்பேத்கர். ‘சாதி ஒழிப்பு’ நூலில் அவர் வாதம் தெளிவானது. சமபந்தி எத்தனையோ முறை நடந்திருக்கிறது, சாதி உணர்வு சாகவில்லை. இரத்தக் கலப்பை உண்டாக்கும் சாதிமறுப்புத் திருமணமே உண்மையான மருந்து. அதற்கும் அடியில், சாதியைப் புனிதமாக்கும் சாத்திரங்களின் மீதான நம்பிக்கை உடைய வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று கோவிலில் சமபந்தி விருந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாதி பார்த்துப் பெண் எடுக்கும் அதிகாரிகளை நாம் பார்க்கிறோம்.

அப்படியானால் குக்கரில் கேக் செய்வது எதற்கு? யார் வீட்டுக்கோ கொண்டுபோய் நாங்களும் சுத்தமானவர்கள்தான் என்று நிரூபிக்கவா? இல்லை. அந்த வேலையை நாம் செய்ய வேண்டாம். கேக்கைக் கோழிக்குப் போட்டது அந்த வீட்டின் நோய். வைத்தியம் அவர்களுக்குத்தான் தேவை.

நம் அடுப்பங்கரையில் நமக்கு வேறு லாபங்கள் இருக்கின்றன. அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் மூன்று விஷயங்கள் நடந்ததை நாங்கள் பார்த்தோம். உப்பளத்தில் வாரம் முழுக்க வெயிலில் நிற்கும் அப்பா, முட்டை அடிக்க மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆம்பிளைக்கு அடுப்பில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. ஆச்சி தன் சிறுவயதில் பள்ளியில் வாங்கித் தின்ற கோதுமைச் சோற்றைப் பற்றி முதல்முறையாகப் பேரப்பிள்ளைகளிடம் பேசினார். நிவாரணம் வாங்கிச் சாப்பிட்டதை வெட்கம் என்று நினைத்து இத்தனை வருடம் மறைத்து வைத்திருந்தாராம். மூன்றாவது, பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். இந்த முட்டை யார் சாப்பாடு? முட்டையில்லாத கேக்குக்கு மட்டும் ஏன் தனிக் கடை, தனிப் பெருமை? சீனி எங்கிருந்து வந்தது?

சீனி கேள்விக்குப் பதில் சொல்லப் போய் டர்பனுக்குப் போனோம். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். முதல் கப்பல் சென்னையிலிருந்து போனது. அவர்களில் பெரும்பகுதி தமிழும் தெலுங்கும் பேசிய ஏழைகள், ஒடுக்கப்பட்ட சாதியினர் ஏராளம். அவர்கள் வழி வந்தவர்களின் ஊரான டர்பனில் ‘பன்னி சௌ’ என்று ஒரு சாப்பாடு இருக்கிறது. ரொட்டியை வெட்டி, நடுவைக் குடைந்து, அதற்குள் குழம்பை ஊற்றிக் கொடுப்பார்கள். அது எப்படிப் பிறந்தது என்பதற்குப் பல கதைகள். ஒரு கதைப்படி, கடைக்குள் உட்கார்ந்து சாப்பிட அனுமதி இல்லாத கறுப்பினத் தொழிலாளர்களுக்குப் பின்வாசல் வழியாகக் கொடுக்க, தட்டு தேவைப்படாத இந்த முறை வந்தது. அதைக் கேட்டதும் ஆச்சி சொன்னார், “நமக்குக் கொட்டாங்குச்சி, அவுகளுக்கு ரொட்டி.” இரட்டைக் குவளையை இதைவிடச் சுருக்கமாக உலக வரலாற்றோடு இணைத்த ஒருவரை எங்கள் சமூகவியல் வகுப்பில் நாங்கள் சந்திக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பன்னி சௌ செய்தோம். பேக்கரி ரொட்டி, மொச்சைக் குழம்பு. ஆறு பேரும் ஒரே ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டார்கள்.

இளம் தோழர்களுக்கு

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் ஒரு நோட்டு போடுங்கள். வீட்டில் புதிதாக எந்த வெளிநாட்டுப் பண்டம் செய்தாலும் இடது பக்கம் அளவுகளை எழுதுங்கள். வலது பக்கம் அதன் வரலாற்றை எழுதுங்கள். அதைச் செய்த மக்கள் யார், எந்தப் பசியில் செய்தார்கள், அதன் சரக்கை விளைவித்த கை எது, அந்தக் கையால் வாங்க மறுத்தவர் யார். ஆச்சியிடமும் சிலோன்காரப் பெரியம்மாவிடமும் கேட்டு அவர்கள் பக்கத்தையும் எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள். முத்துக்குளித்துறையின் ரொட்டி வரலாற்றில் போர்த்துகீசியர் பெயர் இருக்கிறது, டச்சுக்காரர் பெயர் இருக்கிறது. மாவை உப்பவைத்தவர், பருப்பை உடைத்தவர், கரும்பு வெட்டியவர், நிவாரண வரிசையில் தட்டேந்தி நின்றவர் பெயர்கள் இல்லை. அவற்றை நாம்தான் எழுத வேண்டும்.

கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை தன் நோட்டைத் தொடங்கிவிட்டாள். முதல் பக்கத்தில் கருப்பட்டிக் கேக். வலது பக்கத்தில் தேதி போட்டு, நாலு துண்டு எங்கே போனது என்பதையும் எழுதியிருக்கிறாள். அந்தத் தோழி இப்போது தன் வீட்டுக்குத் தெரியாமல் இவர்கள் வீட்டுக்கு வருகிறாள். போன வாரம் வந்தபோது முட்டை அடித்தது அவள்தான். தன் வீட்டில் எப்போது சொல்வாள் என்று நாங்கள் கேட்கவில்லை. அது அவள் நடத்த வேண்டிய போராட்டம்.

ஜெய்பீம்.